விளக்கு தேய்க்கும் அரை மணி நேரம்

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மிக்சி, கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாம் இருந்தும் வீட்டு வேலை என்றாலே எரிச்சலாக வருகிறது. என் அம்மா பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் தேய்ப்பார். அந்தத் திருப்தி எனக்கு ஏன் வரவில்லை?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அன்புச் சகோதரி, அம்மா பாடியது திருப்தியில்தானா என்று ஒருமுறை அவரிடமே கேட்டுப் பாருங்கள். அலுப்புத் தெரியாமல் இருக்கவும் பாடியிருக்கலாம். நடவு வயலில் பாடுவதும் அதற்குத்தானே.

உங்கள் எரிச்சலில் தப்பே இல்லை. 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளைக்கு அதில் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். ஐந்து மணி நேரத்தை ஒருத்தி தலையில் ஏற்றிவிட்டு, அதில் திருப்தியும் வர வேண்டும் என்றால் எப்படி வரும்? முதலில் கணவரோடு உட்கார்ந்து வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். 'கூடமாட உதவி' என்ற பேச்சே வேண்டாம். துணி அவர் பொறுப்பு என்றால், துவைத்துக் காயவைத்து மடித்து அலமாரியில் வைக்கிற வரைக்கும் அவர் பொறுப்பு.

அப்புறம், ஒரே ஒரு வேலையை மட்டும் கையால் செய்ய வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது வியாழக்கிழமை சாயங்காலம் குத்துவிளக்கு தேய்ப்பது. மறை கழற்றித் தனித்தனியாக எடுத்து, எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சீயக்காய்த் தூள் போட்டுக் கழுவுவேன். எலுமிச்சை அளவு பழம்புளியை ஊறவைத்து, தேங்காய் நாரில் தொட்டுத் தேய்ப்பேன். புளியின் அமிலம் பித்தளைக் கறுப்பைக் கரைத்துவிடும். விரலுக்கடியில் அந்த மஞ்சள் எழுந்து வருவதைப் பார்க்க வேண்டுமே! புளியைப் பூசிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடாதீர்கள், பித்தளை சிவந்து போகும். கழுவியதும் ஈரம் காய்வதற்குள் துடைத்து, திருநீறு தொட்டு ஒரு தேய். திரி வைக்கும் குழிகளில் விரலைச் சுற்றும்போது மனதில் வேறு எதுவுமே இருக்காது.

சமைத்தது ஒரு மணி நேரத்தில் காலி. பாத்திரமோ கழுவக் கழுவ விழுந்துகொண்டே இருக்கும். விளக்கு அப்படியில்லை. அரை மணியில் முடிந்துவிடும், முடிந்தது கண்ணுக்குத் தெரியும், நாலைந்து நாள் கூடத்தில் மின்னிக்கொண்டு நிற்கும்.

உங்களுக்கு விளக்கு வேண்டாம் என்றால் பூத்தொடுப்பதோ கீரை ஆய்வதோ, எது கைக்குப் பிடிக்கிறதோ அது. செல்போனை மட்டும் அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். மற்ற வேலைகளையெல்லாம் மெஷினிடம் விடுங்கள். அதில் குற்ற உணர்ச்சியே வேண்டாம்.