வெனிஸ் என்று போட்டிருந்தாலும் துறைமுகம் வேறாக இருக்கலாம்

வெனிஸுக்குப் பெரிய சுற்றுலாக் கப்பலில் போனால், மேல்தளத்திலிருந்தே அந்நகரின் புனித மார்க் சதுக்கத்தை அருகில் பார்க்கலாம் என்று படித்ததாகச் சொல்லி, அது சரியா என்று கேட்டிருந்தீர்கள். அப்படிப் பார்க்க முடியாது. நீங்கள் படித்த ஆலோசனை காலாவதியானது. 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள், அச்சதுக்கத்தை நோக்கிச் செல்லும் நீர்வழியான ஜுதெக்கா கால்வாயில் செல்ல இத்தாலி அரசு 2021 ஆகஸ்ட் 1 முதல் தடை விதித்திருக்க, அதற்கு முன் எழுதப்பட்ட (எழுத்தளவில் அருமையான) பயணக்குறிப்புகள் இன்றும் தேடலில் முன்னே வருவதே குழப்பத்துக்குக் காரணமாக இருக்கும்.

பயணத்திட்டத்தில் ‘வெனிஸ்’ என்பதற்கு அருகில் மர்கேரா, ராவென்னா, த்ரியெஸ்தே ஆகிய துறைமுகங்களுள் எதன் பெயர் உள்ளது என்று பாருங்கள். மர்கேரா என்றால் கவலையில்லை; அது வெனிஸை ஒட்டியே உள்ளது. ராவென்னாவோ வெனிஸிலிருந்து சாலைவழி ஏறத்தாழ 140 கிலோமீட்டர் என்பதால், கப்பலேறும் நாளன்று வெனிஸில் விமானம் இறங்குமாறு சீட்டு எடுக்காமல், முந்தைய நாளே போய்ச் சேர்வது நல்லது.

முன்பதிவுக்குப் பின்னும் துறைமுகம் மாற்றப்படலாம். ஆகவே கட்டணமின்றி ரத்துசெய்யக்கூடிய விடுதியையே தேர்ந்தெடுங்கள்.