முதலில் களப்பயணப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் வெளியூரில் முதுகலை புவி அறிவியல் படிக்கிறாள். துறையின் ஆண்டு மலர் வீட்டுக்கு வந்திருக்கிறது. எலக்ட்ரான் மைக்ரோபுரோப் என்ற புதிய கருவி, ஆய்வுக் கட்டுரைகள், களப்பயணம், பணி ஓய்வு என்று பல பக்கங்கள். துறை நன்றாக நடக்கிறதா என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது ஐயா?
- ஒரு தந்தை, தக்கலை

பதில்: களப்பயணப் பக்கத்தைத் திறந்து, மாணவர்கள் எத்தனை நாள் வெளியே தங்கினார்கள் என்று எண்ணுங்கள். முப்பத்திரண்டு ஆண்டுகள் நிலவியல் கற்பித்தவன் சொல்கிறேன்: கல்லை உடைத்துப் பார்க்காதவருக்கு இந்தப் படிப்பு வசப்படாது. நம் குமரி மாவட்டத்துச் சார்னோக்கைட் என்ற பாறை வெளியே பழுப்பேறிக் கிடக்கும். சுத்தியலால் ஒரு சில்லு பெயர்த்தால்தான் எண்ணெய் தடவியதுபோன்ற அதன் கரும்பச்சை முகம் தெரியும்.

ஒரு சிறு மணியில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று அளக்கும் அந்தப் புதிய கருவி வந்தது உண்மையிலேயே நல்ல செய்தி. அதன் அருமை தெரிய நீங்கள் மணவாளக்குறிச்சி வரை போனால் போதும். 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், இங்கிருந்து போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டார். காஸ் விளக்கின் வலைக்குத் தேவையான தோரியம் அதில் இருந்தது. இன்று அதே மோனசைட் மணல்மணியைக் கடிகாரமாகப் படிக்கிறோம். உள்ளே இருக்கும் தோரியமும் யுரேனியமும் மெல்ல மெல்ல ஈயமாகின்றன. மீதமிருக்கும் அவற்றையும் சேர்ந்திருக்கும் ஈயத்தையும் இந்தக் கருவியில் அளந்தால் மணியின் வயது கிடைக்கும். நம் பாறைகளின் மோனசைட் பெரும்பாலும் ஏறத்தாழ 55 கோடி ஆண்டு என்கிறது. இலங்கையிலும் மடகாஸ்கரிலும் இதையொத்த வயதுள்ள பாறைகள் உண்டு. கோண்ட்வானா என்ற பழைய பெருங்கண்டத்தில் மூன்றும் அக்கம்பக்கம். அந்த அளவை உங்கள் மகள் தன் கையால் எடுக்க விடுவார்களா என்று அவளிடம் கேளுங்கள்.

பிறகு ஓய்வு பெற்றவர்களின் பட்டியலைப் பாருங்கள். நுண்ணோக்கியில் பார்க்கப் பாறையைக் கண்ணாடியில் ஒட்டி 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்துத்தரும் ஊழியர் அதில் இருக்கிறாரா? அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாரா? நான் வேலை பார்த்த ஒரு துறையில் இரண்டு ஆண்டுகள் அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. மாணவர்கள் கொண்டுவந்த கற்கள் சாக்குப்பையிலேயே இருந்தன. இன்றும் அதை நினைத்தால் மனம் ஆறவில்லை. பேராசிரியர் ஓய்வுபெற்றால் விழா எடுக்கிறோம். இவர் போனால் ஆய்வுக்கூடமே நின்றுவிடும் என்பதை யாரும் எண்ணுவதில்லை.

கட்டுரைகளின் எண்ணிக்கையை விடுங்கள். மாணவர் பெயர் முதலில் வரும் கட்டுரை ஒன்றாவது இருந்தால் நல்லது.

கேள்வி: கன்னியாகுமரியின் பலநிற மணல், நடக்காத தேவி கல்யாணத்தின் அரிசி என்பார் என் பாட்டி. நிலவியல் என்ன சொல்கிறது?
- கல்லூரி மாணவி, கொட்டாரம்

பதில்: சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட், வெள்ளை குவார்ட்ஸ். எல்லாம் பாறை சிதைந்து வந்த கனிமங்கள். பாட்டி சுளகில் புடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அலையும் அப்படித்தான் இலேசான குவார்ட்ஸை இழுத்துப் போய், கனமான மணிகளைக் கரையில் விட்டுச் செல்கிறது. வலுவான காந்தத்தைக் காகிதத்தில் சுற்றிக் காய்ந்த மணலில் ஓட்டுங்கள். கறுப்பு மணிகள் ஒட்டும், குவார்ட்ஸ் ஒட்டாது. பாட்டியையும் அழைத்துப் போங்கள். அந்தக் கதையை அவர் சொல்கிறபடியே எழுதி எனக்கு அனுப்புங்கள்.