புயல் காலத்தில் பெட்ரோல் தரவிதிகளைத் தளர்த்துவது சரியா?

கேள்வி: அமெரிக்காவில் பெரிய சூறாவளி வந்து எரிபொருள் தட்டுப்பாடு ஏற்படும்போதெல்லாம், பெட்ரோலுக்கான சுற்றுச்சூழல் விதிகளை அரசு சில வாரங்களுக்குத் தளர்த்துகிறது. இதனால் உண்மையிலேயே பயன் உண்டா? காற்றும் வண்டியும் கெடாதா?

பயன் உண்டு. ஆனால் பெட்ரோல் மக்களை வந்தடைவதற்குத் தடையாக நிற்பது அந்த விதியேதான் என்னும்போது மட்டுமே அந்தப் பயன் கிடைக்கும். தடை மின்வெட்டாகவோ, உடைந்த துறைமுகமாகவோ, மக்களின் பீதியாகவோ இருந்தால், எத்தனை விதிகளைத் தளர்த்தினாலும் பங்க்கில் ஒரு லிட்டர்கூட அதிகம் வராது. நான் வேதிப்பொறியியல் படித்து, எரிபொருள் சேமிப்புக் கிடங்குகளின் தரப் பரிசோதனையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன்; டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸுக்கு அருகில் குடியிருப்பவன்; ஆஸ்துமா உள்ள ஒரு பெண்ணுக்குத் தகப்பன். எனவே பெட்ரோல் கிடைக்க வேண்டும் என்பதும் காற்று கெடக்கூடாது என்பதும் எனக்கு ஒரே அளவுக்கு முக்கியமானவை.

முதலில், தளர்த்தப்படும் விதி எது என்று பார்ப்போம். பெரும்பாலும் அது பெட்ரோலின் ஆவியழுத்தத்தைப் பற்றியது. பெட்ரோலை 37.8 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, அது எவ்வளவு அழுத்தத்துடன் ஆவியாகிறது என்று அளப்பார்கள். இதற்கு ரெய்ட் ஆவியழுத்தம் என்று பெயர். ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை அமெரிக்கப் பங்க்குகளில் விற்கும் பெட்ரோலுக்கு இந்த அளவு பொதுவாக 9 பிஎஸ்ஐயை (பிஎஸ்ஐ என்பது சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று அழுத்தத்தை அளக்கும் அலகு) தாண்டக்கூடாது, காற்று மாசு மிகுந்த சில பகுதிகளில் 7.8ஐத் தாண்டக்கூடாது. கிடங்குகளுக்கோ இந்தக் கட்டுப்பாடு மே 1 அன்றே தொடங்கிவிடும். குளிர்காலப் பெட்ரோலில் கடுங்குளிர்ப் பகுதிகளில் இது 15 வரை போகலாம், ஏனென்றால் குளிரில் எஞ்சின் கிளம்புவதற்கு எளிதில் ஆவியாகும் எரிபொருள் தேவை. இந்த வித்தியாசத்தை உண்டாக்குவது பெரும்பாலும் பியூட்டேன் என்னும் எளிதில் ஆவியாகும் பொருள். அது விலை மலிவு. பெட்ரோலில் கலந்தால் அளவையும் கூட்டும். கோடையில் அதையே கலந்தால், அது டாங்கிலிருந்தும் நிரப்பும் குழாயிலிருந்தும் ஆவியாகி, வெயிலில் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்து தரைமட்ட ஓசோனாக மாறும். அந்த ஓசோன்தான் என் மகளைப் போன்றவர்களுக்கு மூச்சு வாங்க வைக்கிறது.

இதைத் தவிர, நாடு முழுவதற்கும் ஒரே பெட்ரோல் என்பது அங்கே கிடையாது. 1990ஆம் ஆண்டின் காற்றுத் தூய்மைச் சட்டத் திருத்தத்தின்படி, மாசு மிகுந்த பெருநகரங்களில் 1995 முதல் ஆர்.எஃப்.ஜி. எனப்படும் மறுசீரமைக்கப்பட்ட பெட்ரோலை மட்டுமே விற்க முடியும். எங்கள் பகுதியில் டாலஸ், டாரன்ட், காலின், டென்டன் ஆகிய நான்கு கவுன்ட்டிகள் (நம் மாவட்டங்களைப் போன்றவை) இதில் அடங்கும். எல்லையைத் தாண்டிய அடுத்த கவுன்ட்டியில் விற்கும் பெட்ரோல் வேறு வகை. சாதாரண நாளில் வாடிக்கையாளருக்கு இது தெரியவே தெரியாது. ஆனால் புயல் வந்து சரக்கு குறையும்போது, பக்கத்து ஊர்க் கிடங்கில் பெட்ரோல் நிறைந்திருந்தாலும், அந்த டேங்கர் லாரி நம் ஊர்ப் பங்க்கில் இறக்குவது சட்டப்படி குற்றமாகிவிடுகிறது. விதியைத் தற்காலிகமாகத் தளர்த்தும் விலக்கு உண்மையில் உதவுவது இங்கேதான். அது பெட்ரோலை உற்பத்தி செய்வதில்லை. ஏற்கெனவே இருந்தும் விற்க முடியாமல் கிடக்கும் பெட்ரோலுக்கு வழி திறந்துவிடுகிறது.

பருவமும் இதற்கு ஒத்துப்போகிறது. அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் செப்டம்பர் 10 வாக்கில் உச்சத்தை அடைகிறது. கோடைப் பெட்ரோல் விதி முடிவதோ செப்டம்பர் 15. கத்ரீனா 2005 ஆகஸ்ட் 29 அன்றும், ஹார்வி 2017 ஆகஸ்ட் 25 அன்றும், ஐடா 2021 ஆகஸ்ட் 29 அன்றும் கரையைத் தொட்டன. அந்த நாட்களில் சுத்திகரிப்பு ஆலைகள் குளிர்காலச் சரக்கைத் தயாரிக்கத் தொடங்கியிருக்கும். சில வாரங்கள் கழித்து விற்க வேண்டியதை முன்கூட்டியே விற்க அனுமதிப்பதால் வரும் இழப்பு சிறியது. கிடங்கில் வேலை பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் புரியும். இலையுதிர் காலத்தில், டாங்கில் எஞ்சிய கோடைப் பெட்ரோலின் மேல் குளிர்காலப் பெட்ரோலை அப்படியே ஊற்றிவிடலாம். வசந்தத்தில் அதற்கு நேர்மாறாக, பழைய சரக்கை அடிமட்டம் வரை இறக்கிவிட்டுத்தான் புதியதை நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் மொத்த டாங்கும் பரிசோதனையில் தேறாது. ஆகவே ஆகஸ்ட் இறுதியில் தரும் விலக்கு தானாகவே முடிந்துவிடும். ஜூன் மாதத்தில் தந்தால், விலக்குக் காலம் முடிந்த பிறகு ஒவ்வொரு டாங்கையும் மறுபடி கோடைத் தரத்துக்குக் கொண்டுவர வேண்டிய பாடு காத்திருக்கும். விலக்கைப் பற்றி வாதிடுகிறவர்கள் இந்த மாத வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

விலக்கு அளிக்கும் அதிகாரத்துக்குத் தெளிவான சட்ட வடிவம் கிடைத்தது 2005 ஆகஸ்ட் 8 அன்று கையெழுத்தான எரிசக்திக் கொள்கைச் சட்டத்தில். மூன்றே வாரத்தில் கத்ரீனா வந்தது. சட்டம் சொல்வது இதுதான்: இபிஏ எனப்படும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, எரிசக்தித் துறையோடு கலந்து, விலக்கு அளிக்கலாம், ஆனால் தட்டுப்பாடு அசாதாரணமானதாக இருக்க வேண்டும், அது இயற்கைப் பேரிடராலோ குழாய்வழியிலோ ஆலையிலோ ஏற்பட்ட பழுதாலோ முன்கூட்டிக் கணிக்க முடியாத வேறு காரணத்தாலோ வந்ததாக இருக்க வேண்டுமே தவிர, விற்பனையாளரின் திட்டமிடாமையால் வந்ததாக இருக்கக்கூடாது, விலக்கு தேவையான மிகச் சிறிய நிலப்பரப்புக்கு மட்டும் பொருந்த வேண்டும், ஒரு முறைக்கு 20 நாட்களுக்கு மேல் நீடிக்கக்கூடாது. திட்டமிடாமையைப் பற்றிய அந்த வாசகத்தை நான் மிகவும் மதிக்கிறேன். செலவு செய்து முறையான சரக்கைச் சேமித்து வைத்தவரை, எதையும் சேமிக்காமல் விலக்கை எதிர்பார்த்துக் காத்திருந்தவர் விலையில் தோற்கடிக்கக்கூடாது அல்லவா?

கத்ரீனாவின்போது விலக்கு முதலில் கரையோர மாநிலங்களுக்கு மட்டும் தரப்பட்டு, ஆகஸ்ட் 31 அன்று நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. இவ்வளவு பரந்த விலக்கு தேவைதானா என்று கேட்கத் தோன்றும். கொலோனியல் பைப்லைனின் அமைப்பைப் பார்த்தால் காரணம் விளங்கும். ஹூஸ்டனில் தொடங்கி நியூ ஜெர்சியின் லிண்டன் வரை சுமார் 5,500 மைல் நீளமுள்ள குழாய்த்தொகுதி அது. தென்கிழக்கு மாநிலங்கள் பலவும் அதையே நம்பியிருக்கின்றன. புயலால் மின்சாரம் போனதும் அதன் உந்துநிலையங்கள் நின்றன. லூசியானாவில் நேர்ந்தது ஜார்ஜியாவையும் கரோலினாக்களையும் உலர்த்தியது. ஆகஸ்ட் 29 அன்று காலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) 2.61 டாலராக இருந்த நாட்டின் சராசரி விலை, செப்டம்பர் 5 அன்று 3.07 டாலரைத் தொட்டது. சர்வதேச எரிசக்தி முகமையின் உறுப்பு நாடுகள் 6 கோடி பீப்பாய்களை அவசரச் சேமிப்பிலிருந்து விடுவிக்க ஒப்புக்கொண்டன. கடல் கடந்து வரும் பெட்ரோலை, அமெரிக்காவின் ஒவ்வொரு மாநிலத் தரத்துக்கும் தனித்தனியாகப் பொருந்தும்படி வாங்குவது அந்த நெருக்கடியில் ஆகக்கூடிய காரியமன்று. ஆகவே அந்த விலக்கு சரியானதே என்று எண்ணுகிறேன்.

அந்தக் குழாயில் ஹூஸ்டனில் ஏற்றிய சரக்கு நியூயார்க் துறைமுகத்தை அடையச் சராசரியாகப் பதினெட்டரை நாட்கள் ஆகின்றன. விலக்கின் 20 நாள் வரம்பை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆலை திறந்த அன்று பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று செய்தி வரும்; வடக்கே உள்ள கிடங்குக்கோ அது தீர மேலும் இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். 20 நாள் என்பது தாராளமான காலம் என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் சுட்டிக்காட்டுவேன்.

ஹார்வியின்போது நாட்டின் சுத்திகரிப்புத் திறனில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு முடங்கியது. போர்ட் ஆர்தரில் உள்ள, நாட்டிலேயே மிகப் பெரிய மோட்டிவா ஆலையும் மூடப்பட்டது. விலக்கு படிப்படியாக 38 மாநிலங்களுக்கும் தலைநகர் வாஷிங்டனுக்கும் விரிந்தது. ஆனால் எங்கள் டாலஸில் அந்த வாரம் நடந்தது வேறு. மாநிலத்தில் போதிய பெட்ரோல் இருக்கிறது, பதற வேண்டாம் என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், அது உண்மையும்கூட. ஆயினும் ஆகஸ்ட் 31 அன்று முக்கால் டாங்க் உள்ளவர்களும் வரிசையில் நின்றார்கள். ஒரு நகரத்தின் வண்டிகளெல்லாம் ஒரே நாளில் டாங்கை நிரப்ப முயன்றால், எந்தப் பங்க்கின் நிலத்தடித் தொட்டியும் தாங்காது. லாரிகளும் ஓட்டுநர்களும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. அந்த வரிசையைக் கலைக்க ஆவியழுத்த விலக்கால் முடியவில்லை. ஓட்டுநர்களின் வேலைநேர வரம்பைத் தளர்த்துவதும், மக்களிடம் நம்பும்படி பேசுவதும்தான் அங்கே தேவைப்பட்டன.

2012இல் சாண்டி இன்னும் தெளிவான உதாரணம். அக்டோபர் 29 அன்று அது கரையைக் கடந்தபோது கோடைப் பெட்ரோல் பருவம் முடிந்து வாரங்கள் ஆகியிருந்தன. விலக்குகள் அப்போதும் தரப்பட்டன. ஆனால் நவம்பர் 2 அன்று நியூயார்க் பெருநகரப் பகுதியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்க்குகளில் விற்பனைக்குப் பெட்ரோல் இல்லை. கிடங்குகளில் வெள்ளம் புகுந்திருந்தது; பல பங்க்குகளில் தொட்டியில் எரிபொருள் இருந்தும், அதை மேலே ஏற்ற மின்சாரம் இல்லை. நியூ ஜெர்சியின் 12 கவுன்ட்டிகளில் எண் பலகையின் ஒற்றைப்படை, இரட்டைப்படை முறைப்படி பெட்ரோல் வழங்கினார்கள். சில நாட்களில் நியூயார்க் நகரமும் அதைப் பின்பற்றியது. வரிசையைக் குறைத்தவை இத்தகைய நடவடிக்கைகளும் மின்சாரம் திரும்பியதும்தான். வெளியேற்றப் பாதைகளில் உள்ள பங்க்குகள் ஜெனரேட்டரை இணைப்பதற்கான வசதியோடு இருக்க வேண்டும் என்று புளோரிடாவும் பின்னர் நியூயார்க்கும் சட்டம் செய்தன. செய்தியில் அதிகம் பேசப்படாத அந்தச் சட்டங்கள், என் கணிப்பில், பல விலக்குகளைவிட மக்களுக்கு அதிகம் பயன்பட்டவை.

இனி காற்று. சில நாட்கள் சற்றுக் கூடுதலாக ஆவியாகும் பெட்ரோலை விற்பதால் பெருங்கேடு வந்துவிடாது என்பார்கள். புயல் கடந்த முதல் நாட்களில், மேகமும் காற்றும் இருக்கையில், அது ஓரளவு சரி. ஆனால் டாலஸிலும் ஹூஸ்டனிலும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்கள்தான் ஓசோன் அதிகமாகும் காலங்களில் ஒன்று. வானம் தெளிந்து வெயில் அடிக்கத் தொடங்கினால் அந்தக் கூடுதல் ஆவிக்குப் பலன் தெரியும். அதன் சுமை எல்லோர் மீதும் சமமாக விழுவதில்லை. நெடுஞ்சாலையை ஒட்டி வாழ்பவர்களும், குழந்தைகளும், மூச்சுக்கோளாறு உள்ளவர்களும் அதை முதலில் உணர்கிறார்கள். ஆம்புலன்ஸும் ஜெனரேட்டரும் ஓட வேண்டும், மக்கள் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்னும் நிலையில் அந்த விலையைக் கொடுக்க நான் முழு மனதோடு சம்மதிப்பேன். விலை சில சென்ட் குறையட்டும் என்பதற்காகக் கொடுக்கச் சம்மதிக்க மாட்டேன்.

அதனால்தான் 2022 முதல் நடப்பது எனக்குக் கவலை தருகிறது. 15 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைக் கோடையிலும் விற்க அனுமதித்த விதியை 2021இல் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த ஆண்டு உக்ரைன் போரால் ஏற்பட்ட சந்தை நெருக்கடியைக் காரணம் காட்டி, இதே அவசரகால அதிகாரத்தின் கீழ் அந்தப் பெட்ரோலுக்கு விலக்கு அளித்தார்கள். 20 நாட்களுக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்துப் புதுப்பித்துக் கோடை முழுவதையும் கடந்தார்கள். அடுத்தடுத்த கோடைகளிலும் அதுவே தொடர்ந்தது. அந்த எரிபொருள் நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம். நல்லதென்றால் அதற்கு நிரந்தரச் சட்டம் இயற்றட்டும். புயலுக்கென்று வைத்திருக்கும் கருவியை வருடாந்தர வழக்கமாக்கினால், அடுத்த முறை உண்மையான புயல் வரும்போது அந்த 20 நாள் வரம்பை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

கடைசியாக, வண்டியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆவியழுத்த விலக்கின் கீழ் விற்கும் பெட்ரோல் கலப்படச் சரக்கன்று. குளிர்காலத்தில் நீங்கள் நிரப்பும் அதே பெட்ரோல். ஆக்டேன் அளவில் மாற்றம் இல்லை. பழைய கார்புரேட்டர் வண்டிகளில் கடும் வெயிலில் எரிபொருள் குழாயிலேயே ஆவியாகி எஞ்சின் திணறக்கூடும். இன்றைய வண்டிகளில் பம்ப் டாங்கினுள்ளேயே இருந்து அழுத்தத்தோடு எரிபொருளை அனுப்புவதால் அந்தச் சிக்கல் அரிது. டாங்கை விளிம்பு வரை நிரப்பாமல் இருந்தால் போதும். டீசல் விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். சாண்டிக்குப் பிறகு, மீட்புப் பணியில் இருந்த வண்டிகளுக்கும் கருவிகளுக்கும், வீடுகளைச் சூடாக்கும் எண்ணெய் உட்பட 15 பிபிஎம் (பத்து லட்சத்தில் 15 பங்கு) வரம்பைவிடக் கந்தகம் கூடிய எரிபொருளைப் பயன்படுத்த அனுமதி தந்தார்கள். 2007க்குப் பின் வந்த டீசல் வண்டிகளின் புகைவடிகட்டியும் வினையூக்கியும் அவ்வளவு கந்தகத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அத்தகைய வண்டி உங்களிடம் இருந்தால், விலக்குக் காலத்தில் நிரப்புவதற்கு முன் பம்பில் ஒட்டியுள்ள கந்தக அளவுச் சீட்டைப் படியுங்கள். சீட்டு இல்லையென்றால் பங்க்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு நிரப்புங்கள்.