கேளுங்க சொல்றேன்: திருகோணமலையில பொறந்த கிளாஸ்கோ டாக்டர்

கேள்வி: எங்க சித்திக்கு மார்புல கட்டி வந்து, பரேல் டாடா ஆஸ்பத்திரியில ஆபரேஷன் எல்லாம் முடிஞ்சு இப்ப தினமும் டமாக்சிஃபென் மாத்திரை போடறாங்க. கிளாஸ்கோல வேலை பாக்கற என் தம்பி போன்ல, "இந்த வைத்தியத்தை ஆரம்பிச்சதே எங்க ஊரு டாக்டர் பீட்சன்தான், அவரு பேர்லயே இங்க கேன்சர் ஆஸ்பத்திரி இருக்கு, ஆளு பொறந்தது திருகோணமலை"ங்கறான். கதை விடறானா சார்? - ஒரு வாசகி, மாட்டுங்கா

பதில்: இல்லைங்க, தம்பி சொன்னது நெஜம். இந்த மாத்திரை ரொம்பப் பின்னால வந்துச்சு, ஆனா அதுக்கு வழி போட்டவரு பீட்சன்தான். ஜார்ஜ் தாமஸ் பீட்சன் 1848-ல திருகோணமலையிலதான் பொறந்தாரு, அப்பா பிரிட்டிஷ் ராணுவத்துல டாக்டர். அதுக்காக நம்மாளுன்னு ரொம்பக் கொண்டாட முடியாது, வளந்தது ஸ்காட்லாந்து, படிச்சது கேம்பிரிட்ஜ், அப்புறம் எடின்பரோல மருத்துவம். அங்கயே ஜோசப் லிஸ்டர்கிட்ட ஹவுஸ் சர்ஜனா இருந்தாரு, ஆபரேஷன்ல புண்ணு சீழ் வைக்காம இருக்க கார்பாலிக் ஆசிட்டைப் பயன்படுத்தினாரே, அதே லிஸ்டர்தான்.

பீட்சனோட பெரிய காரியம் நடந்தது 1895-ல, கிளாஸ்கோ கேன்சர் ஆஸ்பத்திரியில இருந்தப்ப. மே மாசம் 33 வயசுல ஒரு பொண்ணு வந்தா. ஏற்கனவே ஒரு மார்பை எடுத்தாச்சு, ஆனா கட்டி திரும்ப வந்து பரவிட்டதால இனிமே அங்க கத்தி வைக்கிற நிலைமையே இல்ல. மத்தவங்களா இருந்தா வலிக்கு மருந்து குடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. இவரு ஜூன் 15-ம் தேதி ஆபரேஷன் பண்ணாரு, ஆனா மார்பைத் தொடவே இல்ல, வயித்தைத் திறந்து ரெண்டு சினைப்பையையும், அதான் ஓவரியை, எடுத்துட்டாரு. தைராய்டு மாத்திரையும் கூடவே குடுத்தாரு. எட்டு மாசம் கழிச்சுப் பார்த்தா கட்டி இருந்த அடையாளமே காணோம். 1896-ல எடின்பரோ டாக்டருங்க சங்கத்துல போய் இதைச் சொல்லிட்டு, அந்த வருஷமே லான்செட் பத்திரிகையிலயும் எழுதினாரு. நோய் அடியோட போயிடலை, மூணு நாலு வருஷத்துல அந்தப் பொண்ணு இறந்துட்டா, அதையும் மறைக்காம சொல்லணும் இல்லையா. ஆனா கைவிட்ட கேஸுக்கு அந்தக் காலத்துல அத்தனை வருஷம்ங்கறது சாமானியமில்ல.

கேள்வி: மார்புல வியாதின்னா வயித்துல ஏன் கை வச்சாரு? யாரு சொல்லிக் குடுத்தாங்க? - காலேஜ் மாணவர், முலுண்ட்

பதில்: ஆடும் மாடும் சொல்லிக் குடுத்துச்சு தம்பி. படிச்சு முடிச்ச புதுசுல ஸ்காட்லாந்துல ஒரு கிராமத்துல இருந்தாரு, பக்கத்துலயே ஆட்டுப் பண்ணை, குட்டிங்களைப் பால் மறக்கடிக்கறதைத் தினமும் பாத்துப் பாத்து பால் சுரக்கறதைப் பத்தியே எம்.டி. ஆராய்ச்சி எழுதிட்டாரு. கன்னு போட்ட மாட்டுக்கு ஓவரியை எடுத்துட்டா பால் வத்தாம ரொம்ப நாள் கறக்கலாம்னு சில நாட்டு விவசாயிங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு, அது இவரு காதுல விழுந்துச்சு. அப்போ எங்கயோ இருக்கற ஓவரி எங்கயோ இருக்கற மடியை ஆட்டி வைக்குதுன்னு பிடிச்சாரு. பால் சுரக்கறப்ப மார்புல இருக்கற செல்லுங்க மளமளன்னு பெருகும், அப்புறம் கரைஞ்சு பாலாயிடும்னு அவரு நெனச்சாரு, கேன்சர்லயும் அதே மாதிரிதான் பெருகுது ஆனா அடங்க மாட்டேங்குது, அப்ப பெருக்கத்தைத் தூண்டற இடத்தை எடுத்துட்டா என்னன்னு யோசிச்சாரு. கேன்சர் ஏதோ கிருமியால வருதுன்னு நிறைய பேரு நம்பின காலம் அது, இவருக்கு அதுல நம்பிக்கை இல்ல. இப்படி ஒரு இடத்துல சுரந்து இன்னொரு இடத்தை ஆட்டி வைக்கற பொருளுக்கு ஹார்மோன்ங்கற பேரே 1905-லதான் வந்துச்சு, ஓவரியில சுரக்கற ஈஸ்ட்ரோஜன்ங்கற ஹார்மோனைப் பிரிச்சுக் காட்டினது 1929-ல, அதுக்கெல்லாம் முன்னாடியே இந்த மனுஷன் பண்ணையைப் பாத்தே கணக்குப் போட்டுட்டாரு. எனக்கு இவர்கிட்ட பிடிச்சதே இதுதான்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்துச்சு. 1900-ல லண்டன் சர்ஜன் ஸ்டான்லி பாய்டு, இப்படி ஆபரேஷன் பண்ணின கேஸையெல்லாம் சேத்துப் பாத்தாரு, சுமார் மூணுல ஒரு பங்கு பேருக்குத்தான் குணம் தெரிஞ்சிருக்கு. மத்தவங்களுக்கு ஏன் வேலை செய்யலைன்னு ரொம்ப காலம் யாருக்கும் புரியலை. சில கட்டியோட செல்லுல ஈஸ்ட்ரோஜனைப் பிடிச்சுக்கற ரிசெப்டர் இருக்கு, சிலதுல இல்லைங்கற விஷயம் அமெரிக்காவுல எல்வுட் ஜென்சன் வேலையாலதான் தெளிவாச்சு. மாட்டுங்கா வாசகி, உங்க சித்தியோட பயாப்ஸி ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்க, ஈ.ஆர். பாசிட்டிவ்னு, அதாவது ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் இருக்குன்னு, போட்டிருக்கும். டமாக்சிஃபென் போய் அந்த ரிசெப்டர்ல உக்காந்துக்கும், ஈஸ்ட்ரோஜனுக்கு இடம் கிடைக்காது. இதுல வேடிக்கை என்னன்னா, இங்கிலாந்துல ஐ.சி.ஐ. கம்பெனிக்காரங்க 1962-ல அதைச் செஞ்சப்ப அவங்க தேடினது கர்ப்பத் தடை மாத்திரையை, அதுக்கு அது லாயக்கில்லாம போச்சு.

கேள்வி: எனக்கு 38 வயசு, மார்புப் புத்துநோய், ஈ.ஆர். பாசிட்டிவ். "ஓவரியை நிறுத்தணும், ஊசி போடலாம் இல்ல எடுத்துடலாம்"னு டாக்டர் சொல்றாங்க. மாமியார், "இதெல்லாம் அந்தக் காலத்து வைத்தியம், வேணாம்"ங்கறாங்க. - ஒரு சகோதரி, தாராவி

பதில்: அம்மா, அந்தக் காலத்து வைத்தியம்தான், ஆனா காலாவதியாகலை. மாதவிலக்கு நிக்காதவங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் ஓவரியிலேந்துதான் வருது, அதனால நோய் திரும்ப வர வாய்ப்பு ஜாஸ்தின்னு தெரிஞ்சா இப்பவும் அதை அடக்கறாங்க. கோசெரலின் மாதிரி ஊசியை மாசா மாசம் போட்டா ஓவரி தூங்கிடும், நிறுத்தினா பல பேருக்கு, முக்கியமா இளவயசுக்காரங்களுக்கு, திரும்ப வேலை செய்யும். லேப்ராஸ்கோபில எடுத்துட்டா செலவு ஒரே தடவை, மாசா மாசம் அலைச்சல் இல்ல, ஆனா போனது போனதுதான். இன்னும் குழந்தை வேணுமா, மாசா மாசம் ஊசி போட வர முடியுமா, எலும்பு தேய்மானத்துக்கு என்ன பண்றதுன்னு இந்த மூணையும் டாக்டர்கிட்ட உக்காந்து கேளுங்க, மாமியாரையும் கூட்டிட்டுப் போங்க, அவங்களும் நேர்ல கேக்கட்டும். உடம்பு திடீர்னு கொதிக்குது, ராத்திரி வேர்த்துக் கொட்டுதுன்னு நீங்களா மருந்தை நிறுத்திடாதீங்க, அதுக்கும் வழி இருக்கு, சொன்னாத்தான் செய்வாங்க.

கேள்வி: இவ்வளவு பண்ணவருக்கு நோபல் குடுத்தாங்களா? - செம்பூர் வாசகர்

பதில்: இல்ல. 1907-ல சர் பட்டம் கிடைச்சது, 1933-ல காலமானாரு. ஹார்மோனை வச்சு கேன்சரை அடக்கினதுக்கு நோபல் வந்தது 1966-ல, புராஸ்டேட் கேன்சர்ல வேலை செஞ்ச சார்லஸ் ஹக்கின்ஸுக்கு. ஸ்காட்லாந்துல சாதாரண ஜனங்களுக்கு முதலுதவி சொல்லிக் குடுக்க 1882-ல செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆம்புலன்ஸ் சங்கம் ஆரம்பிச்சாங்க இல்ல, அதுலயும் பீட்சனுக்குப் பெரிய பங்கு உண்டு. அது இன்னும் நடந்துட்டிருக்கு, செயின்ட் ஆண்ட்ரூஸ் ஃபர்ஸ்ட் எய்டுன்னு பேரு.