இங்கிலாந்து கிராமத்துல இருக்குற பழைய குடும்ப காட்டேஜை விக்கப் போறோம், விக்கிறதுக்கு முன்னாடி ரிப்பேர் பண்ணி புதுசாக்கினா நல்ல விலை வருமா?

மாமியார் வாழ்ந்த கூரை வேய்ஞ்ச வீடு, சஃபோக் பக்கம் கிராமம், புது கிச்சன் போட்டு மர ஜன்னலை எல்லாம் எடுத்துட்டு பிளாஸ்டிக் ஜன்னல் வச்சுட்டு விக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாங்க. தயவுசெஞ்சு எதையும் தொடாதீங்க, முதல்ல அது லிஸ்டட் பில்டிங்கா, அதாவது சட்டப்படி பாதுகாக்கப்படுற பழைய கட்டடமான்னு பாருங்க, பழைய கட்டடங்களைக் கவனிக்கிற ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்போட வெப்சைட்ல அந்தப் பட்டியல் முழுசும் யார் வேணா பாக்கலாம். 1700க்கு முன்னாடி கட்டி ஓரளவு பழைய ரூபத்துலயே இருக்குற வீடுன்னா அநேகமா அதுல இருக்கும், பெரும்பாலும் கிரேடு 2ங்கிற பாதுகாப்புத் தரத்துல. கிரேடு 2ன்னா வெளித்தோற்றம் மட்டும்தான் கணக்குன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, உள்ள இருக்குற உத்தரம், கதவு, அடுப்படி, மாடிப்படி எல்லாமே சேர்த்திதான். உள்ளூர் கவுன்சில் அனுமதி இல்லாம அதோட தன்மையை மாத்துறது 1990ம் வருஷத்து சட்டப்படி கிரிமினல் குத்தம், அதைவிட முக்கியம், மாத்தினதை திரும்ப பழையபடி ஆக்குன்னு உத்தரவு போட கவுன்சிலுக்கு கால வரம்பே கிடையாது, அந்த உத்தரவு புதுசா வாங்குறவங்க தலைல விழும். அதனாலதான் வாங்குறவங்களோட சொலிசிட்டர் (பத்திர வேலை பாக்குற வக்கீல்) ஒவ்வொரு ஜன்னலுக்கும் பேப்பர் கேட்பாங்க. மாமனார் காலத்துல எதாவது இடிச்சுக் கட்டியிருந்தா அதுக்கான அனுமதிக் கடிதத்தை இப்பவே தேடி எடுத்து வைங்க.

என் வீட்டுக்காரரோட அம்மா வீடும் இப்படி மரச்சட்டம் போட்ட பழைய காட்டேஜ்தான், அதை வித்த அனுபவத்துல சொல்றேன், இந்த மாதிரி வீட்டை வாங்க வர்றவங்க பளபளப்பைத் தேடி வர்றதில்ல. குனிஞ்சு நுழையுற வாசல், ஆளே உள்ள உக்காரலாம்ங்கிற அளவு பெரிய இங்கிள்நூக் அடுப்பு, கோணல்மாணலா இருக்குற தரை, இதுக்காகத்தான் வர்றாங்க. ஆனா அவங்களுக்கு பயமும் ரொம்ப இருக்கும். அந்த பயத்தைப் போக்குறதுக்கு செலவு பண்ணுங்க, கிச்சனுக்கு வேண்டாம்.

முக்கியமான பயம் ஈரம். வாங்குறவங்க வீட்டை சோதிக்க அனுப்புற சர்வேயர் மீட்டரை சுவத்துல வச்சு ஈரம் இருக்குன்னு எழுதிடுவார், உடனே விலையைக் குறைன்னு போன் வரும், எங்களுக்கும் வந்துச்சு. பழைய சுவத்துல இப்ப கட்டுற வீடுகள் மாதிரி நடுவுல இடைவெளி கிடையாது, சுண்ணாம்புக் காரை ஈரத்தை இழுத்து வெளிய விட்டுடும், அப்படித்தான் இத்தனை நூறு வருஷமா நிக்குது. இடைல யாராவது வந்து சிமெண்ட் பூசிட்டா ஈரம் உள்ளயே மாட்டி மரச்சட்டம் உளுத்துப் போயிடும். அதனால சுவத்துக்குள்ள ஊசி மாதிரி மருந்து ஏத்தி ஈரத்தை நிறுத்துறேன்னு விக்கிற கம்பெனியை கூப்பிடாதீங்க, பழைய கட்டடம் தெரிஞ்ச, எதையும் விக்காத சர்வேயரா பாத்து ஒரு ரிப்போர்ட் வாங்கி, விளம்பரம் போடுறதுக்கு முன்னாடியே கைல வச்சுக்கோங்க. எங்க வீட்டு விலை நின்னது அந்த ரிப்போர்ட்டாலதான்னு உறுதியா சொல்வேன். அதோட கூரை எப்ப வேய்ஞ்சது, நாணலா கோதுமை வைக்கோலா, முகடு கடைசியா எப்ப மாத்தினது (முகட்டை மட்டும் பத்து பதினஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும்), புகைபோக்கி சுத்தம் பண்ணின சர்டிபிகேட் எங்க, இதெல்லாம் கூரை வீட்டுக்கு இன்சூரன்ஸ் தர்றவங்க கேப்பாங்க, வாங்குறவங்களுக்கு இன்சூரன்ஸ் கிடைக்கலன்னா லோனும் கிடைக்காது.

ரொம்ப வருஷமா ஒரே குடும்பத்து கைல இருக்குன்னா லேண்ட் ரெஜிஸ்ட்ரில (அரசாங்க நிலப் பதிவேடு) பதிவே ஆகாம இருக்கலாம். 1990 டிசம்பர்ல இருந்துதான் இங்கிலாந்து முழுக்க விக்கும்போது பதிவு கட்டாயம் ஆச்சு, அதுக்கு முன்னாடி வாங்கின வீட்டுக்கு பழைய பத்திரம்தான் ஆதாரம், வங்கி லாக்கர், பழைய சொலிசிட்டர் ஆபீஸ், பரண் எல்லாம் தேடுங்க. மாமியார் பேர்லயே வீடு இருந்தா புரோபேட் (இறந்தவங்க சொத்தைக் கையாள கோர்ட் தர்ற அனுமதி) வராம வித்து முடிக்க முடியாது, விளம்பரம் மட்டும் போடலாம். வரியைப் பொறுத்தவரை அவங்க இறந்த அன்னைக்கு இருந்த மதிப்புக்கு மேல வர்ற லாபம்தான் கணக்கு, வரி கட்ட வேண்டி வந்தா வித்து முடிச்ச 60 நாளுக்குள்ள வரித்துறைக்கு சொல்லணும். கழிவுத் தொட்டி நேரா ஓடையில விடுற மாதிரி இருந்தா 2020ல இருந்து அது கூடாது, அதையும் இப்பவே பாத்துடுங்க.

இதுக்கெல்லாம் ஏன் இவ்வளவு அவசரப்படுத்துறேன்னா, அங்க விலை பேசி சரின்னு சொன்னாலும் ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் எக்ஸ்சேஞ்ச் ஆகுற, அதாவது கை மாறுற வரைக்கும் யாரும் யாரையும் கட்டுப்படுத்த முடியாது, எந்தப் பக்கமும் ஓடிடலாம். பேப்பருக்காக காத்திருக்குற ஒவ்வொரு வாரமும் வாங்குறவங்க மனசு மாறுறதுக்கு ஒரு வாய்ப்பு, அவங்க வீட்டை வாங்கப் போறவங்க பின்வாங்கினாலும் ஒண்ணை நம்பி ஒண்ணு நிக்கிற அந்த விற்பனைச் சங்கிலி (செயின்) மொத்தமும் அறுந்துடும்.

அப்புறம் எதெல்லாம் வீட்டோட போகுதுன்னு டிஏ10ன்னு ஒரு ஃபார்ம் தருவாங்க, அதை குடும்பத்துல எல்லாரும் உக்காந்து பேசி நிரப்புங்க. தோட்டத்துல நட்டிருக்குற செடி நிலத்தோட சேர்ந்ததுன்னுதான் சட்டம் பாக்கும், அதனால மாமியார் வச்ச ரோஜா உங்களுக்கு வேணும்னா எக்ஸ்சேஞ்சுக்கு முன்னாடியே அதுல எழுதிக் கொடுத்துடுங்க, இல்லன்னா குளிர்காலத்துல ஒரு கிளையை வெட்டி தொட்டியில வச்சு வேர் பிடிக்க வச்சுக்கோங்க.