விந்து வந்தால் போதுமா?

கேள்வி: கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, டியூப் டெஸ்ட் எல்லாம் எனக்கு மட்டும்தான் எடுத்தார்கள், எல்லாமே நார்மல். அவருக்கும் ஒரு டெஸ்ட் எடுக்கலாம் என்றால், "அவனுக்கெல்லாம் நல்லாத்தான் வருதாமா, அவனை எதுக்கு ஆஸ்பத்திரிக்கு இழுக்கறே?" என்கிறார் மாமியார். கணவர் திருப்பூர் சாயப்பட்டறையில் துணியைச் சூட்டில் காயவைக்கும் ஸ்டென்டர் மெஷின் ஓட்டுகிறார்.
(பெயர் வேண்டாம், பெருந்துறை)

பதில்: அம்மணி, அந்த 'நல்லாத்தான் வருது' எதையும் நிரூபிக்காது. வெளியே வருகிற விந்தில், குழந்தைக்குக் காரணமான விந்தணுவோடு விரையிலிருந்து வருவது நூற்றில் ஐந்து பங்கு அளவுதான். மீதியெல்லாம் விந்துப்பையும் புராஸ்டேட்டும் சுரக்கிற நீர். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட ஆணுக்கும் விந்து வரத்தான் செய்கிறது; கண்ணால் பார்த்து யாராலும் வித்தியாசம் சொல்ல முடியாது.

விந்தணு வருகிற பாதை நீளமானது. விரைக்குள் அது உருவாகவே இரண்டரை மாதம் போல ஆகும். அங்கிருந்து வெளியேறும்போது அதற்கு நீந்தத் தெரியாது. விரையின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸ் என்ற சுருள் குழாயைப் பிரித்து நீட்டினால் சுமார் 6 மீட்டர், அதாவது இருபது அடி. அதைக் கடக்கிற நாட்களில்தான் விந்தணு முதிர்ந்து நீந்தும் சக்தியைப் பெறுகிறது. அப்புறம் விந்துக்குழாய் வழியாகத் தொடை இடுக்கில் ஏறி, வயிற்றுக்குள் நுழைந்து, சிறுநீர்ப்பையின் பின்னால் இறங்கி, விந்துப்பையின் நீரோடு கலந்து, புராஸ்டேட்டைத் துளைத்துச் சிறுநீர்த்தாரைக்கு வருகிறது.

இதில் எங்கே அடைப்பு இருந்தாலும் வெளியிலிருந்து தெரியாது. சின்ன வயதில் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்ததா என்று மாமியாரிடமே கேளுங்கள். விந்துக்குழாய் அந்த இடத்தில்தான் போகிறது. அப்போது அடிபட்டிருக்க வாய்ப்புண்டு. வயதுக்கு வந்தபின் பொன்னுக்கு வீங்கி வந்திருந்தால் விரையே பாதிக்கப்பட்டிருக்கலாம். பிறவியிலேயே விந்துக்குழாய் இல்லாத ஆண்களும் இருக்கிறார்கள்.

ஸ்டென்டர் வேலையையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உடம்பைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் விரை ஒழுங்காக வேலை செய்யும். நாள் முழுக்க அந்தச் சூட்டில் நிற்பவருக்கு விந்தணு குறையலாம். சூடுதான் காரணம் என்றால், அதிலிருந்து விலகி மூன்று மாதம் போல ஆனதும் எண்ணிக்கை தேறவும் வாய்ப்புண்டு.

டெஸ்ட் என்றதும் கத்தி, ஊசி என்று பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு முதல் ஏழு நாள்வரை உறவைத் தவிர்த்துவிட்டு லேப்பில் மாதிரி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் ரிப்போர்ட் சரியில்லை என்றால் சில வாரம் கழித்து இன்னொரு முறை பார்ப்பார்கள். விந்தணுவே இல்லை என்று வந்தால்கூட, அடைப்புதான் காரணமென்றால் அதைச் சரிசெய்ய ஆபரேஷன் இருக்கிறது. விரையிலிருந்தே ஊசியால் விந்தணு எடுத்துக் கருத்தரிக்க வைக்கவும் முடிகிறது.

நான்கு வருடமாக ஒருத்தியை மட்டும் மேஜையில் படுக்க வைத்தது அநியாயம். ஷிப்ட் இல்லாத நாளாகப் பார்த்து அவரைக் கிளப்புங்கள். அந்த ரிப்போர்ட்டைப் பார்க்காமல் உங்களுக்கு மட்டும் அடுத்த சிகிச்சை என்று யார் சொன்னாலும், டாக்டராகவே இருந்தாலும், ஏன் என்று கேளுங்கள்.