தண்ணீர் போகும் வழியில் நத்தையின் உறவு

கேள்வி: நத்தைக் காய்ச்சல் (சிஸ்டோசோமியாசிஸ்) என்னும் ஒட்டுண்ணிப் புழு நோயைப் பரப்பும் நன்னீர் நத்தைகள், அருகருகே இருந்தாலும் மரபணுவில் வேறுபடுகின்றனவாம். ஒரே இனம்தானே, ஏன்?

பதில்: வரைபடத்தில் அளக்கும் தூரத்தைவிட, தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்பதே இங்கே முக்கியம். சீனாவில் இந்த நோய்க்கு இடைநிலை விருந்தோம்பி, அதாவது மனிதரைச் சேருமுன் ஒட்டுண்ணி உள்ளே வளரும் உயிர், ஆன்கோமெலேனியா ஹுபென்சிஸ் நத்தை. வளர்ந்த நத்தை கரையின் ஈரமண்ணிலும் புல்லடியிலும் வாழும்; குஞ்சுகள் நீரில் இருக்கும். யாங்சி ஆற்றின் கீழ்ச் சமவெளியில் வெள்ளம் வந்தால் நாணல் தண்டிலும் சருகிலும் ஒட்டிக்கொண்டு நெடுந்தூரம் மிதந்து போகும். அதனால் ஒரே படுகையில் தள்ளித் தள்ளி இருப்பவைகூட உறவாக இருக்கலாம். சிச்சுவான், யுன்னான் மலைகளிலோ நடுவே ஒரு முகடு நின்றாலே கலப்பு அறுந்துவிடும். தனித்துப்போன சிறு கூட்டத்தில் சில மரபணு வடிவங்கள் தற்செயலாகவே மறையும், சில நிலைத்துவிடும். வெள்ளச் சமவெளி நத்தையின் ஓட்டில் பெரும்பாலும் வரிமேடுகள் இருக்கும். மலை நத்தையின் ஓடு வழவழப்பானது.

இனப்பெருக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஆன்கோமெலேனியாவில் ஆண், பெண் தனித்தனி. ஆப்பிரிக்காவின் பையோம்ஃபலேரியா ஃபைஃபெரி இருபாலி. பெரும்பாலும் தன்னைத்தானே கருவுறச் செய்துகொள்ளும். ஒற்றை நத்தை போய்ச் சேர்ந்தாலே ஒரு குட்டை நிறைந்துவிடும். ஆகவே ஒரு குட்டைக்குள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு, அடுத்த குட்டையில் வேறு அச்சு.

கேள்வி: ஆய்வுக்கு நத்தை சேகரிக்கும்போது எங்கே பிசகும்?

பதில்: பெரும்பாலும் முதல் நாளிலேயே! ஓரிடத்தில் 20 முதல் 30 நத்தைகள் எடுங்கள். ஆனால் ஒரே கல்லடியில் பொறுக்காதீர்கள். உடன்பிறப்புகளே சிக்கினால், இல்லாத வேறுபாடு பெரிதாகத் தெரியும். கரையோரம் நடந்துகொண்டே பரவலாக எடுங்கள். முகட்டின் இரு பக்கமும், ஆற்றின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் இணை இணையாக இடம் தேர்ந்தால்தான் தடை எது, தூரம் எது என்று பிரித்தறிய முடியும்.

நத்தையை 95 சதவீத எத்தனாலில் அப்படியே போட்டால் ஆன்கோமெலேனியா மூடியை இறுக அடைத்துக்கொள்ளும். உள்ளே சதை அழுகும். ஓட்டை இலேசாக உடைத்துப் போடுங்கள். உடல் நீர் கலந்து எத்தனால் நீர்த்துவிடும், மறுநாள் மாற்றிவிடுங்கள். டிஎன்ஏ பிரிக்கப் பாதத்தின் சிறு துண்டு போதும். முழு உடலையும் அரைத்தால் ஒட்டுண்ணியின் டிஎன்ஏவும் குடலில் உள்ளதும் கலந்துவிடும். நத்தையின் வழவழப்புச் சளி டிஎன்ஏவைப் படியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் வினையைத் தடுக்கும். சிடிஏபி என்ற வேதிப்பொருளைக் கொண்டு டிஎன்ஏ பிரிக்கும் முறை அதை நன்றாக நீக்கும்.

கேள்வி: நோய்த் தடுப்புக்கு இதனால் பயன் உண்டா?

பதில்: நிச்சயமாக. நத்தைக்கொல்லி மருந்தான நிக்லோசமைடு தெளித்த இடத்தில் மறுபடி நத்தை தலைகாட்டினால், மரபணுவைப் பழைய மாதிரியோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் மருந்துக்குத் தப்பியவை பெருகியிருக்க வாய்ப்பு அதிகம். மேல்நீரோட்டக் கூட்டத்தோடு ஒத்தால் அங்கிருந்து வந்தவை, அங்கேயும் தெளிக்க வேண்டும். தெளிக்கும் முன்பே மாதிரி எடுத்து வைக்காவிட்டால் இந்த ஒப்பீடே இயலாது. பாசன வாய்க்கால் வெட்டுவோரும் இதைக் கவனிக்க வேண்டும்: தனித்தனியாக இருந்த இரு ஓடைகளை இணைத்தால் நத்தைக்கும் அதே வழி திறந்துவிடும்.